கோவையிலிருந்து விமானம்: தூரக் கணக்கிலும் நேரக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவது, பெட்டி எடை கூடிப்போவது எல்லாம் ஊரறிந்த சங்கதி. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமிருந்து புதிதாகப் பறக்கிறவர்கள் பெரிய காசைத் தொலைப்பது கணக்கில்தான்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

கோவை–சென்னை சாலையில் ஏறக்குறைய 500 கி.மீ.; ஆகாயத்தில் நேர்கோட்டில் 400. மணிக்கு 800 கி.மீ. வேகம், ஆக அரை மணி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வேகம் உயரே போன பிறகுதான் வரும். இந்தத் தடத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணி, பீளமேட்டில் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மீனம்பாக்கத்தில் போய் நிற்பது வரை. டெல்லி 1,940 கி.மீ.; கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தூரம், நேரம் மூன்று மணிதான்.

இரண்டு தனி டிக்கெட்டைச் சேர்த்துக்கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் ஆள் மாற்றி ஆள் செய்கிற தவறு இது. இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறதென்று கோவை–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனி பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுவது.

மாலை 5.15க்குச் சென்னையில் இறங்கி, 8 மணிக்கு அடுத்த விமானம் என்று வையுங்கள். கையில் இரண்டே முக்கால் மணி இருப்பதுபோலத் தெரியும். வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி போட்டு போர்டிங் பாஸ் வாங்கும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடுவார்கள். சிலது 75 நிமிடம். ஆக உங்கள் கெடு 8 அல்ல, 7. பெட்டி தானாக மாறாது. பெல்ட்டில் எடுக்க அரை மணி, வெளியே வந்து அடுத்த டெர்மினல் வாசலில் வரிசை நிற்க அரை மணி. மிஞ்சுவது முக்கால் மணி. மாலை விமானம் காலையிலிருந்து பல ஊர் சுற்றி வருவது. ஒவ்வொரு ஊர் தாமதமும் அதன் தலையில் ஏறியிருக்கும். ஐப்பசி மழையில் சென்னை வானத்தில் வட்டமடித்தால் அந்த முக்கால் மணியும் போச்சு.

முதல் விமானம்தானே தாமதம் என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் 'நோ ஷோ', அதாவது வராத பயணி. வரி, விமான நிலையக் கட்டணம் மட்டும் திரும்பும். அதே பி.என்.ஆரில் ரிட்டர்ன் இருந்தால் வழக்கமாக அதுவும் ரத்தாகிவிடும். ஒரே பி.என்.ஆரில் போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகத்தான் போடுவேன் என்றால் குறைந்தது ஆறு மணி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் முந்தின ராத்திரி ரயிலேறுங்கள்.

இரண்டு ஊர்க் கடிகாரத்தைக் கழிப்பது

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே: இரவு 11க்கு ஏறிக் காலை 6க்கு இறங்கினால் பயணம் ஏழு மணி அல்ல, நாலரை. சார்ஜா ஒன்றரை மணி பின்னே. அங்கே கழித்து வருவதோடு ஒன்றரையைக் கூட்ட வேண்டும்.

நள்ளிரவுத் தேதி

15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே நிலையத்தில் இருக்க வேண்டும்.

பெங்களூருக்குப் பறப்பது

ஒரு மணிப் பறப்பு, ஆனால் இறங்குவது ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். தெற்குக் கோடியிலிருக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் சேலம், ஓசூர் வழியே காரிலேயே போகலாம்.