மாமாவின் நினைவு நாளுக்கு ஒரு பலகை

மின்பொறியாளரான என் மாமா, ஓய்வுக்குப் பிறகு ஊட்டியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்கியதில்லை. அவர் நினைவு நாளில் படத்துக்கு மாலை போட்டு நாலு பேர் பேசுவதை நிறுத்திவிட்டோம். மேடைப் பேச்சென்றாலே கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் அவர். இப்போது செய்வது இதுதான்.

ஒரு மீட்டர் பலகையை வடக்கு தெற்காக வையுங்கள். வடக்கு முனையை 20 செ.மீ. உயர்த்தினால் சாய்வு ஏறக்குறைய 11 பாகை வரும். ஊட்டியின் அட்சரேகையும் அதுதான். நெடுக்குவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயை அதன்மேல் நீளவாட்டில் கிடத்தி, குழிவான பக்கத்தைக் காலையில் கிழக்கே திருப்புங்கள். நேரம் போகப்போக அதை மேற்கே உருட்டப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பலகை பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பதால் இந்த ஒரே அசைவில் சூரியனைத் தொடரலாம். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

பிறகு ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் அந்தப் பிளந்த குழாய் வடிவக் கருவியை, தூரத்திலிருந்து காட்டுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970இல் இயங்கத் தொடங்கியது. அங்கே மலைச்சரிவுதான் பலகை. இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை மாமா வாயைத் திறக்கமாட்டார், வர்க்கி மெல்லுவதற்குத் தவிர. வர்க்கியை இரண்டு பொட்டலம் கூடுதலாகவே வாங்குங்கள்.