பாயின்ட்ஸ் மேல நின்னு போற மாடல் ரயில் எஞ்சினை நிக்காம ஓட வைக்கிறது எப்படி

நேர் பாதையில நல்லா ஓடுற எஞ்சின், பாயின்ட்ஸ், அதாவது பாதை ரெண்டா பிரியுற இடத்து மேல ஏறினதும் டக்குனு நின்னுடும், விரலால லேசா தள்ளிவிட்டா மறுபடி ஓடும். புதுசா லேஅவுட் போடுற எல்லாருக்கும் வர்ற பிரச்சனைதான், இதுக்காக உடனே புது எஞ்சின், புது கன்ட்ரோலர்னு காசை இறைக்காதீங்க.

ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. எஞ்சின் எங்க நின்னாலும் இடது பக்கம் ஒரு வீல், வலது பக்கம் ஒரு வீல், ரெண்டுமே கரண்ட் இருக்கிற மெட்டலைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், அது ஒரு நொடி விட்டுப்போனாலும் மோட்டார் நின்னுடும். கீழ சொல்றது எல்லாமே இதுக்காகத்தான்.

படி 1: எங்க நிக்குதுன்னு பாருங்க. எஞ்சினை ரொம்ப ஸ்லோவா விடுங்க, வேகமா விட்டா அது தாவிப் போயிடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. நின்ன இடத்துல எந்த வீல் எதுமேல இருக்குன்னு பார்த்து ஸ்லீப்பர்ல (தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற குறுக்குக் கட்டை) பென்சில்ல ஒரு கோடு போட்டுக்குங்க. ரெண்டு தண்டவாளம் வெட்டிக்கிற வி மாதிரி இடத்துக்குப் பேரு ஃப்ராக், நகர்ற ரெண்டு கூரான துண்டுதான் பிளேடு. ஃப்ராக் மேல நிக்குதா, இல்ல பிளேடைத் தாண்டினதும் நிக்குதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற. இன்னொன்னு, எஞ்சின் நிக்கும்போது கன்ட்ரோலர்ல ஓவர்லோட் லைட்டும் எரிஞ்சா அது ஷார்ட், கரண்ட் வராம நிக்கிறது இல்ல. அகலமான வீல் ஃப்ராக் முனையில ரெண்டு தண்டவாளத்தையும் ஒன்னா தொட்டா அப்படி ஆகும், அந்த முனையில கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவினா போதும்.

படி 2: சுத்தம் பண்ணுங்க. நம்ம கேஎல் (கோலாலம்பூர்) புழுக்கத்துல, அதுவும் ஜன்னலைத் திறந்து வைக்கிற ஃபிளாட்ல, தண்டவாளத்துல சீக்கிரமே கறுப்பு படிஞ்சிடும். பவரை ஆஃப் பண்ணிட்டு, துணியில ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க, தீப்பிடிக்கிற சாமான், ஃபேன் போட்டுக்குங்க. ஃபார்மசியில விக்கிற 70 சதவீதத்துல தண்ணி அதிகம், 99 சதவீதம் கிடைச்சா அதை வாங்குங்க. சேன்ட்பேப்பர் வேண்டவே வேண்டாம், அது விடுற கீறல்ல அழுக்கு இன்னும் நல்லா உக்காந்துக்கும். எல்லாரும் மறக்கிற இடம் ஒன்னு இருக்கு: பிளேடு போய் ஒட்டுற பக்கத்து தண்டவாளத்தோட உள்பக்கம். நிறைய பாயின்ட்ஸ்ல அந்தத் தொடுதல் வழியாத்தான் கரண்டே உள்ள போகுது, அதனால ஆல்கஹால் தொட்ட ஒரு பேப்பர் துண்டை நடுவுல வச்சு பிளேடை மூடி மெதுவா இழுங்க.

படி 3: எஞ்சினை சோதிங்க. நேர் பாதையில வச்சு, முன் வீல் ஜோடிக்கு கீழ ஒரு பேப்பரை சொருகி பவர் கொடுங்க, அப்புறம் பின் ஜோடிக்கு. பேப்பர் வச்சதும் மோட்டார் நின்னா, மிச்சம் இருக்கிற வீல் கரண்ட் எடுக்கலைன்னு அர்த்தம். வீலோட பின்பக்கம் மெல்லிசா ஒரு பித்தளை நிறத் தகடு உரசும், அதுதான் பிக்கப், அழுக்கைத் துடைச்சிட்டு வீலை லேசா தொடுற மாதிரி வளைச்சு விடுங்க, ரொம்ப அழுத்தினா வீல் சுத்தாது. ரப்பர் டயர் போட்ட வீல் இழுக்கும், ஆனா கரண்ட் எடுக்காது. நாலு வீல் மட்டும் இருக்கிற குட்டி ஷன்டர் எஞ்சின்ல ஒரு வீல் பிளாஸ்டிக் ஃப்ராக் மேல போனாலே அந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது ஒன்னுதான், அதான் பெரிய எஞ்சின் தாண்டிப் போற இடத்துல சின்னது மாட்டிக்குது.

படி 4: பலகை. ஸ்டீல் ரூலரை பாயின்ட்ஸ் மேல நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க. ஈரத்துல பிளைவுட் வளைஞ்சிருந்தா எஞ்சின் மூணு கால்ல ஆடும். மெல்லிசு அட்டை வச்சு சமப்படுத்துங்க.

படி 5: ஃப்ராக்குக்கு கரண்ட் கொடுங்க. என்னைக் கேட்டா உண்மையான தீர்வு இதுதான், கொஞ்சம் சிரமப்பட்டாலும் செஞ்சிடுங்க. பீக்கோ கம்பெனி பாயின்ட்ஸ்ல இன்சுல்ஃப்ராக்னா ஃப்ராக் பிளாஸ்டிக், அதுக்கு கரண்ட் கொடுக்க முடியாது. எலக்ட்ரோஃப்ராக்னா முழுக்க மெட்டல், யூனிஃப்ராக்னா ஃப்ராக் மெட்டல்தான், அதுக்குன்னு ஒரு வயர் தனியா விட்டிருப்பாங்க. இனிமே வாங்குறதா இருந்தா இந்த ரெண்டுல ஒன்னைப் பார்த்து வாங்குங்க. எலக்ட்ரோஃப்ராக்னா ஃப்ராக்கைத் தாண்டி வர்ற உள்பக்க ரெண்டு தண்டவாளத்துலயும் கண்டிப்பா பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற சின்ன துண்டு) போடணும், இல்லன்னா ஷார்ட் ஆகும். யூனிஃப்ராக் வயருக்கு, மூணு கால் உள்ள ஒரு ஸ்லைடு சுவிட்ச் போதும், புடு பக்கம் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல தேடிப் பாருங்க. நடுக்கால்ல ஃப்ராக் வயர், ஓரத்து ரெண்டு கால்லயும் வெளிப்பக்க ரெண்டு தண்டவாளத்தோட வயர். சுவிட்ச்சை பலகைக்குக் கீழ வச்சு ஒரு கம்பியால பிளேடோட இணைச்சுட்டா, ஒரே தள்ளுல பாயின்ட்ஸும் மாறும் ஃப்ராக் கரண்ட்டும் மாறும். ரெண்டு பக்கமும் ஷார்ட் ஆனா ஓரத்து வயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. சோல்டர் பண்றதை பாயின்ட்ஸை ஒட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, நல்லா சூடான அயர்னை வச்சு சட்டுனு எடுக்கணும், இல்லன்னா ஸ்லீப்பர் உருகிடும்.

ஏற்கனவே இன்சுல்ஃப்ராக் வாங்கி ஒட்டியாச்சா? பிடுங்க வேண்டாம். ஒவ்வொரு பிளேடுக்கும் பக்கத்து வெளித்தண்டவாளத்துக்கும் இடையில ஒரு சின்ன வயர் சோல்டர் பண்ணுங்க, பிளேடு தொடுதலை நம்பி இருக்க வேண்டியதில்ல.

கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனாலும் மோட்டாரை ஓட வைக்கிற, கேப்பசிட்டர் வச்ச ஸ்டே அலைவ் பத்தி கேப்பீங்க. டிசிசி (டிஜிட்டல் கன்ட்ரோல்) டிகோடர் உள்ள எஞ்சினுக்கு அது நல்ல சாமான், ஆனா மேல சொன்னது எல்லாம் முடிச்ச பிறகு போடுங்க. அழுக்கு பாதையில அதைப் போட்டா பிரச்சனை மறையும், தீராது. சாதா 12 வோல்ட் டிசி எஞ்சினுக்கு அது சரிவராது.

கடைசியா, உங்ககிட்ட இருக்கிறதுலயே சின்ன எஞ்சினை எடுத்து, ஆமை வேகத்துல, ரெண்டு வழியிலயும், முன்னாடியும் பின்னாடியும் விட்டுப் பாருங்க. எங்கயாவது தயங்கினா அந்த இடத்துல பென்சில் கோடு போட்டுட்டு படி 2லேருந்து மறுபடி ஆரம்பிங்க.