செல்போனுக்கும் சீரியலுக்கும் ஏழு நாள் உபவாசம்: முதல்முறை இருப்பவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மாலை ஆறரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். கதவைச் சாத்தினால் அதற்குப் பிறகு வெளியே வேலை இல்லை. மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தில் ஏழு மணிக்கு டிவி, பத்து மணிக்குப் படுக்கையில் செல்போன். குடும்ப ஜெபம் நடுவில் ஐந்து நிமிஷம், அதுவும் விளம்பரம் ஓடும்போது. அந்த மூன்று மணி நேரத்தை ஏழு நாளுக்கு ஆண்டவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த உபவாசம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டை விட்டு ஜெபிப்பது நமக்குப் பழகியது. கண்ணும் காதும் உபவாசம் இருப்பது சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். தானியேல் மூன்று வாரம் துக்கித்திருந்தபோது ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார். வாசனைத் தைலமும் பூசவில்லை (தானியேல் 10:2-3). அவர் முழுப் பட்டினி கிடக்கவில்லை, மனதுக்கு இன்பமானதை ஒதுக்கி வைத்தார். நம் காலத்தில் அந்த இடத்தில் ரீல்ஸும் சீரியலும் ஐபிஎல்லும் இருக்கின்றன.

முதலில் நாளைக் குறியுங்கள்

ஒரு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி அடுத்த ஞாயிறு இரவு முடியுங்கள். முதல்முறையே நாற்பது நாள் வேண்டாம். லெந்து காலத்தில், கத்தோலிக்கர் சொல்லும் தவக்காலத்தில், சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. நாள்காட்டியில் எண்ணினால் 46. பழக்கமில்லாதவர் ஆர்வத்தில் இறங்கி இரண்டாம் வாரத்தில் விட்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்விலேயே பைபிளையும் மூடி வைத்துவிடுகிறார்.

டாக்ஸி, காட்டேஜ், ஹோட்டல் வேலையில் இருப்பவர்கள் ஏப்ரல், மே சீசனைத் தவிருங்கள். போனில்தான் உங்கள் பிழைப்பு. அந்த மாதம் தொடங்கினால் மூன்றாம் நாளே உடையும். ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போய்க் கிடக்கும் வாரத்தையும் எடுக்காதீர்கள். ஓடாத டிவியைப் பார்க்காமல் இருப்பது உபவாசம் ஆகாது, நாமாக விட்டால்தான் அது காணிக்கை.

மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

தொடங்கும் முன் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்று இருக்கும். எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்பது அதில் தெரியும். டிவி நேரத்தைக் கடிகாரம் பார்த்து நீங்களே குறியுங்கள். டீக்கடைப் பேச்சும் அடுத்த வீட்டு வம்பும் எந்தப் போனிலும் பதிவாகாது. அவற்றை நேர்மையாக நீங்கள்தான் எழுத வேண்டும்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்.

முதல் பத்தி, முழுவதும் விடுவது: சீரியல், சினிமா, ரீல்ஸ், யூடியூப், கேம், கிரிக்கெட், நாள் முழுக்க ஓடும் செய்தி சேனல், பிறர் ஸ்டேட்டஸ் பார்ப்பது, ஷாப்பிங் ஆப். இந்த ஆப்களை அமைதிப்படுத்தி வைப்பதோடு நிற்காமல் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஐகான் கண்ணில் பட்டால் விரல் தானாகப் போகும்.

இரண்டாம் பத்தி, நேரம் குறித்துத் தொடுவது: வாட்ஸ்அப். பகல் ஒரு மணிக்கு பத்து நிமிஷம், மாலை ஆறு மணிக்கு பத்து நிமிஷம். பச்சைத் தேயிலை விலை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, சபை அறிவிப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் பத்தி, கைவைக்கக் கூடாதது: போன் அழைப்புகள், வேலைக்குத் தேவையானவை, ஆபத்துச் செய்திகள். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை நடமாட்டத்தைச் சொல்லும் குழுவை அணைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு எச்சரிக்கையும் அப்படித்தான். வெளியூரில் வயதான பெற்றோர் இருந்தால் அவர்கள் கூப்பிடும் மணி கேட்க வேண்டும்.

பட்டியல் போடும்போது பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: "கிறிஸ்தவப் பாட்டும் செய்தியும்தானே, யூடியூபில் கேட்கலாமா?" இந்த ஏழு நாளுக்கு அதுவும் வேண்டாம். அந்தப் பாட்டில் குற்றமில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், ஓரத்தில் வேறு படங்கள் கூப்பிடும், பத்து நிமிஷத்தில் எங்கோ போய் நிற்பீர்கள். அதோடு, மற்றவர் ஜெபிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே நம் ஜெபமாகிவிடும். பாட வேண்டுமா, கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் பாடுங்கள். ராகம் தப்பினாலும் அது உங்கள் குரல்.

வாங்கி வைக்க வேண்டியவை

அச்சடித்த பைபிள், சின்ன நோட்டு, பென்சில், ஒரு டைம்பீஸ். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். அலாரத்துக்காகப் போனைத் தலைமாட்டில் வைப்பதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். அலாரத்தை நிறுத்தக் கையை நீட்டினால் இரவு வந்த செய்திகள் நிற்கும், படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். போன் இரவு ஒன்பதுக்கு சமையலறை அலமாரிக்குப் போகட்டும். மணி அடித்தால் கேட்கும் தூரம் போதும்.

வீட்டில் சொல்லுங்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள்

உபவாசம் மனுஷருக்குத் தெரியும்படி இருக்கக் கூடாது என்று இயேசு மத்தேயு 6:16-18-இல் சொல்கிறார். ஆனால் வீட்டாருக்கும் சபையில் ஒருவருக்கும் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் "ஏன் மெசேஜுக்குப் பதில் இல்லை" என்று சண்டை வரும்.

எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறை, ஒரே டிவி என்றால் கடினம்தான். மாமியாருக்குச் சீரியல் வேண்டும், பையனுக்கு மேட்ச் வேண்டும். அவர்களை அதட்டி டிவியை நிறுத்தினால் ஏழு நாளும் வீட்டில் எரிச்சல்தான் மிஞ்சும். "அத்தை, ஏழிலிருந்து ஏழரை வரைக்கும் மட்டும் நிறுத்திக்கலாமா?" என்று அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மற்ற நேரம் அடுப்படிப் பக்கம் முதுகைத் திருப்பி உட்காருங்கள். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு சங்கீதத்தை அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

காலியான நேரத்தை நிரப்புவது

இதைத் தவறவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். பெருக்கி அலங்கரித்து வெறுமையாய்க் கிடந்த வீட்டுக்கு, வெளியேறிப் போன அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்ததை மத்தேயு 12:43-45-இல் வாசிக்கிறோம். டிவியை நிறுத்தி சும்மா உட்கார்ந்தால் நான்காம் நாள் பழைய கவலையும் பழைய கோபமும் வந்து அந்த நாற்காலியில் உட்காரும்.

சங்கீதம் 120 முதல் 134 வரை பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், எருசலேம் மலைக்கு ஏறிப் போனவர்கள் பாடியவை. கத்தோலிக்கரின் திருப்பாடல்களிலும் இதே எண்கள்தான். பெரும்பாலும் சிறியவை, நீளமான 132-இலும் பதினெட்டு வசனம்தான். திங்கள் காலை 120, மாலை 121 என்று நாளுக்கு இரண்டாகப் போனால் சனி மாலை 131 வரும். ஞாயிறுக்கு மூன்று மிஞ்சும்: விடியலில் 132, ஆராதனைக்குப் போகும் முன் 133, இரவில் 134. இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்பவர்களைப் பற்றிய சங்கீதம் என்பதால் 134 இரவுக்குப் பொருந்தும்.

ஒரு சங்கீதத்துக்கு அரை மணி நேரம். முதல் தடவை வாய்விட்டு, அவசரமில்லாமல் வாசியுங்கள். இரண்டாம் தடவை நெஞ்சில் தைக்கும் ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் கோடு. மூன்றாவதாக, புத்தகத்தை மூடி அந்த வரியை மட்டும் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த வரியையே ஜெபமாக்குங்கள். கடைசியில் நோட்டில் மூன்று வரி, அதற்கு மேல் வேண்டாம்.

உதாரணத்துக்கு சனிக்கிழமை. விடியுமுன் 130: விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைவிட அதிகமாய் ஆண்டவருக்குக் காத்திருக்கும் ஆத்துமா. கேரட் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் இராக்காவல் இருந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த இருட்டில் கிழக்கை எத்தனை தடவை பார்த்தீர்கள்? அப்படி ஆண்டவரைத் தேடிய நாள் எது? இந்தக் கேள்வியோடு ஜெபம் தொடங்கிவிடும்.

நேரம்: காலை 5.15 முதல் 5.45, மாலை 7 முதல் 7.30. மதியம் வேலை இடைவெளியில் ஐந்து நிமிஷம், காலையில் கோடிட்ட வரியை மனதில் ஓட்டுவதற்கு. மிச்ச மாலை நேரத்தில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள், பிள்ளையின் கிழிந்த ஸ்வெட்டரைத் தையுங்கள். முழுவதும் ஜெபத்திலேயே இருக்க முயன்றால் முதல்முறை இருப்பவர் களைத்துவிடுவார்.

மலைக்குளிருக்கு இரண்டு எச்சரிக்கை. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு ஜெபித்தால் மூன்றாவது நிமிஷம் தூக்கம். வெந்நீரில் முகம் கழுவி, மப்ளர் கட்டி, கட்டன் சாயாவோடு நிமிர்ந்து உட்காருங்கள். சூட்டுக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள், அந்தப் புகையில்லா வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இன்னொன்று: தனிமை தேடி இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டாம். கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அது.

எந்த நாளில் என்ன தடுமாற்றம் வரும்

திங்கள் உற்சாகமாகப் போகும். செவ்வாயும் புதனும் கை தானாகப் பாக்கெட்டைத் தடவும், காரணமில்லாத எரிச்சல் வரும். சங்கீதம் 131-இல் வரும் பால்மறந்த குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் மறக்கவைக்கும் முதல் சில இரவு பிள்ளை அழுது ஊரைக் கூட்டும். அதற்குப் பிறகுதான் ஒன்றும் கேட்காமல் தாயின் மடியில் சும்மா படுத்திருக்கும். பாலுக்காக வந்த பிள்ளை தாய்க்காக வரும் இடம் அது. நடுவாரத்து எரிச்சல் அந்த அழுகைதான்.

வியாழன் வாக்கில் வேறொன்று வாசலில் நிற்கும்: ஓயாமல் நொறுக்குத் தீனி, நீளத் தூக்கம், பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேர வம்பு. டிவி போன இடத்துக்கு இவை வந்திருந்தால் நோட்டில் எழுதி அவற்றையும் விடுங்கள்.

நடுவில் ஒரு இரவு தோற்றுவிட்டால் திங்களிலிருந்து திரும்பத் தொடங்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அந்த நிமிஷத்திலிருந்தே தொடருங்கள்.

சாப்பாட்டையும் சேர்த்து விட நினைக்கும் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். தனியாக இருந்து மனச்சோர்வில் உழல்பவர்கள் மனிதரோடு பேசுவதைக் குறைக்கவே கூடாது.

ஏசாயா 58 சொல்லும் உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்வது. அந்த வாரம் டேட்டா, ஓடிடி, தீனிக்குப் போகாத பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். சனி மதியம் படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் பழமோ பிரெட்டோ வாங்கிப் போய், போன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

முடிக்கும் முறை

ஞாயிறு இரவு 134 வாசித்தவுடன் எல்லா ஆப்பையும் ஒரே மூச்சில் இறக்கினால் திங்கள் இரவே பழைய கணக்கு திரும்பிவிடும். நாளுக்கு ஒன்று மட்டும் திரும்பட்டும். ஒவ்வொன்றையும் இறக்கும் முன் அந்த மூன்று நாள் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஏழு நாளில் ஒருமுறைகூட நினைவுக்கு வராதது எதுவோ, அதை இறக்காதீர்கள். குழுக்களில் சேர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான செய்திகளைப் படிக்க வேண்டாம், அப்படியே அழித்துவிடுங்கள். அவசரமானவர் ஏற்கெனவே போனில் கூப்பிட்டிருப்பார். டைம்பீஸ் தலைமாட்டிலும் போன் சமையலறையிலும் அப்படியே இருக்கட்டும். அடுத்த முறை 21 நாள் எடுப்பவர்களுக்கு யோவான் சுவிசேஷம்: 21 அதிகாரம், நாளுக்கு ஒன்று.