பெயின்ட் அடிக்கும் முன்பே கெட்டுப்போகும் பெயின்ட்

புதிதாகப் பெயின்ட் அடித்த கார் கதவில் சில மாதம் கழித்துக் கொப்புளம் கிளம்பினால், எல்லோரும் பெயின்ட்டைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, பள்ளத்தை நிரப்புகிற பட்டியிலும், பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கிற பிரைமரிலும் இருக்கும்.

முதலில் தண்ணீர் விஷயம். இதில் நானே சூடுபட்டவன். நசுங்கிய தகட்டை நிமிர்த்துகிற டிங்கரிங் முடிந்ததும் போடுகிற பாலியஸ்டர் பட்டி, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தூசி பறக்கிறதே என்று வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால், மேலே காய்ந்தாற்போல் தெரியும். ஈரம் உள்ளேயே நிற்கும். அதை பிரைமரால் மூடிவிட்டால் தகடு அடியில் துருப்பிடிக்கும், வெயில் ஏற ஏற பெயின்ட் உப்பும். பழைய மாருதி 800 ஒன்றின் மட்கார்டை நான் இப்படித்தான் பாழாக்கினேன். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும்: 80-ம் நம்பர் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, 180, அப்புறம் 240. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் 80-ன் கீறல் கடைசிவரை போகாது. தூசிக்குப் பயந்தால் மாஸ்க் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தேய்ப்பதற்கு முன்பு துடைக்காமல் விடுவது அடுத்த தப்பு. வண்டியில் மெழுகும் பாலிஷில் இருந்த சிலிகானும் ஒட்டியிருக்கும். அப்படியே உப்புத்தாளைப் போட்டால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு அடிக்கிற பெயின்ட் அங்கே ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். துடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்த பிறகு இன்னொரு முறையும் துடைக்க வேண்டும்.

தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். கையில் தடவினால் அவ்வளவாகத் தெரியாது, பளபளப்பு ஏறியதும் பல்லைக் காட்டும். சமதளத்துக்குக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவிவிட்டுத் தேய்த்தால், கறுப்பு தங்குகிற இடமெல்லாம் பள்ளம். கண்ணைவிட இதை நம்பலாம்.

பிரைமரை ஒரே மூச்சில் கனமாக அடிக்கிற அவசரமும் உண்டு. மேல்தோல் காயும், தின்னர் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஹார்டனர் கலக்கிற 2கே பிரைமரை இரண்டு மூன்று கோட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 முதல் 10 நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. நன்றாக இறுகுவதற்குள் தேய்த்தால், பிறகு அது சுருங்கி, மறைந்த கீறலெல்லாம் பெயின்ட்டுக்கு மேலே வந்து நிற்கும். இறுகிய பிறகு 400, 600 போதும். மெட்டாலிக் கலர் என்றால் 800 வரை போகலாம். விளிம்பில் தேய்ந்து தகடு தெரிந்தால் அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர்.

சிலர் பிரைமரோடே வண்டியை எடுத்துக்கொண்டு, பெயின்ட்டை அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். சாதாரண பிரைமர் தண்ணீரைத் தடுக்காது. ஒரு மழையில் நனைந்தாலும் கீழே துரு ஆரம்பித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நாள் தள்ளத்தான் வேண்டும் என்றால் தண்ணீரைத் தடுக்கிற எபாக்ஸி பிரைமர் அடித்து, கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.