எல்லா டெஸ்டும் பாஸ் ஆன பிறகும் பக் வருவது ஏன்?

மென்பொருள் டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் யூனிட், இன்டெக்ரேஷன், சிஸ்டம், ரிக்ரெஷன், லோட் என்று பெயர்களைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். எது எந்தப் பிழையை, அதாவது பக்கை, பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

யூனிட் டெஸ்ட் பச்சை காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். யூனிட் டெஸ்ட் ஒரு ஃபங்ஷனை, அதாவது நிரலின் ஒரு சிறு பகுதியை, தனியே பிரித்தெடுத்துப் பார்க்கிறது. பக்கத்து மாட்யூல் என்ன அனுப்பும் என்பதை எழுதியவரே ஊகித்து வைத்திருப்பார். ஊகம் தப்பானால் டெஸ்டும் சேர்ந்தே தப்பாகும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனதை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு விசை அலகில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். தனித்தனியே பார்த்தால் எண்ணில் குறை தெரியாது. ஒன்று கொடுப்பதை இன்னொன்று எப்படிப் படிக்கிறது என்று சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் இன்டெக்ரேஷன் டெஸ்டிங்.

"இந்த நிரலை நாங்கள் தொடவே இல்லை, அதை எதற்கு டெஸ்ட் பண்ண வேண்டும்?" என்று டெவலப்பர் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய வழிகாட்டி மென்பொருளைத்தான் ஏரியான் 5-லும் வைத்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அது கொள்ளவில்லை. 1996 ஜூன் 4 அன்று, கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் ராக்கெட் சிதறியது. புதிய ராக்கெட் போகும் பாதையின் தரவை அந்த மென்பொருளுக்குக் கொடுத்துச் சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். நிரல் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்தவை மாறின. முன்பு சரியாக ஓடியது மாற்றத்துக்குப் பிறகும் ஓடுகிறதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் டெஸ்டை ஓட்டும்போது இதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், டெஸ்ட் டேட்டா. பெயர் கேட்கும் பெட்டியில் 'டெஸ்ட்', 'ஏபிசி' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் பாஸ் போடுவது நம் ஊரில் பெரிய கேடு. தமிழ்ச்செல்வி என்று போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ஏழு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 13 குறியெண்கள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். டேட்டாபேஸில் 30 பைட்தான் இடம் என்றால், சில சிஸ்டம் பிழை காட்டும். சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டினால் மிஞ்சுவது 'தமிழ்ச்செல'. புள்ளிகூடத் தங்காது. அந்தப் பெண்ணின் சான்றிதழில் இந்தப் பெயர் அச்சானால் திருத்த அவர்தான் அலைய வேண்டும். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தையும் இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் ஒருவரின் விவரத்தோடு நிரப்பிப் பாருங்கள். எண்கள் என்றால் எல்லையில் நில்லுங்கள்: 18 வயது முதல் அனுமதி என்றால் 17, 18, 19 மூன்றையும் கொடுக்க வேண்டும். 25-ஐ மட்டும் கொடுத்தால், 'பெரியது' என்பதற்கும் 'பெரியது அல்லது சமம்' என்பதற்கும் இடையில் வரும் குழப்பம் பிடிபடாது.

சுமை கூடினால் தாங்குமா என்று பார்க்கும் லோட் டெஸ்டை உங்கள் லேப்டாப்பில், காலி டேட்டாபேஸை வைத்து ஓட்டாதீர்கள். பத்து வரிசையில் வேகமாக வரும் தேடல் பத்து லட்சம் வரிசையில் திணறலாம்.

பயனர் ஏற்புச் சோதனையை ரிலீஸுக்கு முந்தின நாள் வரை தள்ளுவதும், பயனருக்குப் பதிலாக டெஸ்டரே செய்து முடிப்பதும் வழக்கமாகிவிட்டன. டெஸ்டருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று பழகிவிட்டது, அதனால் அவர் தடுமாற மாட்டார். பில்லிங் சாஃப்ட்வேர் என்றால் கடையில் பில் போடுகிறவரிடமே கொடுங்கள். பக்கத்தில் அரைமணி நேரம் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தையும் பக் பட்டியலில் எழுதுங்கள்.