குறை என்பது விலை ஆகாது: சொந்தமாக மேஜிக் கார்டு செய்கிறவர்கள் விழும் குழி

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் தான் உருவாக்கிய பதினான்கு மேஜிக் கார்டுகளை (Magic: The Gathering என்ற சீட்டாட்டத்தின் கார்டுகள்) எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். தாளில் அச்சிட்டு, அளவாக வெட்டி, பழைய நிலக் கார்டுகளின் மேல் வைத்து உறைக்குள் செருகியிருந்தார். படங்கள் கண்ணைப் பறித்தன. ஒன்பதாவது கார்டைப் புரட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த கார்டு அது. பெயரும் படமும்தான் வேறு.

மூன்று மானாவுக்கு (நிலக் கார்டுகள் தரும் சக்தி; கார்டை இறக்கக் கொடுக்கும் விலை) 10/10 உயிரியைக் (தாக்குதல் பத்து, தாங்குதிறன் பத்து) கொடுக்காதீர்கள், எழுத்துப் பிழை பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதல் ஆட்டமே கற்றுக்கொடுத்துவிடும். ஐந்தாறு ஆட்டம் போன பிறகும் கண்ணில் படாதவை வேறு.

எண்ணைப் பார்த்து விலை போடுவது

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் வெளிவந்தபோது அதில் ஐந்து நிறத்துக்கும் ஒன்றாக ஐந்து கார்டுகள் இருந்தன. எல்லாம் ஒரு மானா, எல்லாவற்றிலும் 'மூன்று'. சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று சேதம். பச்சையின் ஜயண்ட் குரோத் ஓர் உயிரிக்கு +3/+3. கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மானா. வெள்ளையின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளி. நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று கார்டு. தாளில் தராசு முள் அசையவில்லை. ஆனால் ஆட்ட வரலாற்றின் மிக வலிமையான கார்டுகளில் ஒன்றாக ஆன்செஸ்ட்ரல் ரீகால் இன்றும் இருக்கிறது. ஹீலிங் சால்வை யாரும் டெக்கில், அதாவது ஆட்டத்துக்குக் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டில், சேர்ப்பதில்லை. மூன்று கார்டும் மூன்று உயிர்ப்புள்ளியும் ஒரே மூன்று அல்ல.

குறையை விலை என்று நம்புவது

இதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

என் பழைய கார்டு இது: இரண்டு கறுப்பு மானா, 6/6 உயிரி, ஓர் அரக்கன். களத்துக்கு வரும்போது உங்கள் கையில் இருக்கும் எல்லாக் கார்டுகளையும் கல்லறையில், அதாவது பயன்படுத்தி முடித்த கார்டுகள் சேரும் குவியலில், போட வேண்டும். இரண்டாவது முறையிலேயே, அதாவது ஆடுகிறவரின் இரண்டாவது வாய்ப்பிலேயே, 6/6 வருகிறது, உண்மைதான். ஆனால் கை முழுவதும் போகிறதே, இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். ஒரு வாரம் அதை ரசித்துக்கொண்டும் இருந்தேன்.

என் நண்பர் கார்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு டெக்கோடு வந்தார். இரண்டாவது முறையில் என் அரக்கனை இறக்கி, கையிலிருந்த ஐந்து கார்டுகளையும் கல்லறையில் போட்டார். அவற்றில் இரண்டு பிளட்கோஸ்ட். ஒரு நிலம் களத்துக்கு வந்தால் போதும், கல்லறையிலிருந்து தாமாகவே எழுந்து வருபவை. மற்றவை ஃபிளாஷ்பேக் உள்ள மந்திரங்கள், அதாவது கல்லறையில் கிடந்தபடியே ஒருமுறை பயன்படுபவை. நான் தண்டனை என்று எழுதிய வரியை அவர் பரிசாக வாங்கிக்கொண்டார். ஐந்தாவது முறையில் ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆடினோம். மறுபடியும் ஐந்தாவது முறை.

என் தவறு எளிமையானது. மானாவை எந்த டெக்காக இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். குறை அப்படி அல்ல. அந்தக் குறை வலிக்காத டெக்கை ஆடுகிறவர் தேடிக் கட்டிக்கொள்வார். நீங்கள் விலை என்று எழுதுகிறீர்கள், அவர் அதைப் புதிர் என்று படிக்கிறார்.

இதில் தொழில்முறை வடிவமைப்பாளர்களும் தப்பவில்லை. 1996இல் வந்த லயன்ஸ் ஐ டயமண்டுக்கு விலையே இல்லை. அதை உடைத்தால் மூன்று மானா கிடைக்கும், ஆனால் கை முழுவதையும் கைவிட வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் அதே மூன்று மானாவைத் தரும் பழைய கார்டான பிளாக் லோட்டஸின் நொண்டித் தம்பி போலத்தான் தெரிந்தது. இன்று ஒரே முறையில் மந்திரங்களை அடுக்கி ஆட்டத்தை முடிக்கும் டெக்குகளின் தூண் அது. 2006இல் வந்த டார்க் டெப்த்ஸ் என்ற நிலத்தின் மேல் பத்துப் பனிக் குறிகள். ஒன்றை நீக்க மூன்று மானா. முப்பது மானா செலவழித்தால் 20/20 பூதம். 2009இல் வாம்பயர் ஹெக்ஸ்மேஜ் வந்தது: இரண்டு மானா, தன்னைப் பலி கொடுத்து ஒரு கார்டின் மேலுள்ள குறிகளையெல்லாம் துடைத்துவிடும். முப்பது இரண்டாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2004இன் ஸ்கல்கிளாம்ப். ஒரு மானாவுக்குக் களத்தில் வைத்து, இன்னொரு மானாவுக்கு உயிரியின் மேல் மாட்டும் கருவி. மாட்டிய உயிரி செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். முதலில் அது உயிரியின் தாங்குதிறனைக் கூட்டுவதாக இருந்தது. உருவாக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அதை மாற்றி, தாக்குதலுக்கு +1, தாங்குதிறனுக்கு −1 என்று வைத்தார்கள். அந்த −1தான் இயந்திரமாகிவிட்டது. 1/1 உயிரியின் மேல் மாட்டினால் அது உடனே சாகும். ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு, திரும்பத் திரும்ப. பிப்ரவரியில் வெளிவந்த கார்டை ஜூன் மாதமே ஸ்டாண்டர்ட் ஆட்டத்திலிருந்து (அண்மைக் கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி வகை) தடை செய்தார்கள்.

இப்போது நான் பின்பற்றும் வழி: முதலில் குறை இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை போடுகிறேன். பிறகு குறைக்காக அதிகபட்சம் ஒரு மானா தள்ளுபடி. என் அரக்கன் அப்படிப் பார்த்தால் ஐந்து மானாவாவது ஆகியிருப்பான். அடுத்து, இந்தக் குறையை விரும்பி வரவேற்கும் டெக்கை நானே கட்டி ஆடிப் பார்க்கிறேன். அதை மற்றவர்களுக்கு விட்டுவைத்தால் அவமானம்தான் மிஞ்சும். உயிர்ப்புள்ளியை விலையாக வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்தில் உள்ள இருபதில் பத்தொன்பது போனாலும் ஆள் சாகவில்லை.

குறை வேண்டும் என்றே அடம் பிடித்தால், அதை எதிராளிக்குக் கிடைக்கும் லாபமாக எழுதுங்கள். பாத் டு எக்ஸைல் ஒரு மானாவுக்கு எதிராளியின் உயிரியை ஆட்டத்திலிருந்தே அகற்றும். பதிலுக்கு அவர் தன் டெக்கிலிருந்து ஓர் அடிப்படை நிலத்தைத் தேடி எடுத்துக் களத்தில் வைக்கலாம். உங்கள் டெக்கை எப்படி வளைத்தாலும் அவருக்குப் போகும் நிலத்தைத் தடுப்பது கடினம்.

நிறம்

நீலத்துக்கு எல்லாம் செய்யத் தெரிந்தால் மற்ற நான்கு நிறம் எதற்கு?

நீளம்

ஒன்பது வரி ஓடினால் அது ஒரு கார்டு அல்ல, இரண்டு.

ஒரே ஒருவரைத் தோற்கடிக்கச் செய்யும் கார்டு

அவர் டெக்கை மாற்றிவிடுவார். கார்டு உங்கள் கையிலேயே தங்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது

சோதனை ஆட்டத்தில் வாயைத் திறக்காதீர்கள். கார்டைப் படித்தவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது உங்களுக்குக் கிடைத்த தகவல். "இல்லை இல்லை, நான் என்ன நினைத்தேன் என்றால்..." என்று தொடங்கிய நொடியில் அது கெட்டுவிடும். எனக்கு இது இன்னும் கைவரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு டீ போட எழுந்து போய்விடுகிறேன்.

அந்த மாணவருக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மூன்று நாள் கழித்துத் திருத்திய கார்டைக் காட்டினார்: நான்கு மானா, 6/6, கைவிடும் வரி இல்லை, அதற்குப் பதில் களத்துக்கு வரும்போது எதிராளி மூன்று கார்டு எடுக்க வேண்டும். நல்ல முன்னேற்றம். ஆனால் எடுக்க வேண்டிய நேரத்தில் டெக் காலியாக இருந்தால் எதிராளி தோற்றுவிடுவார். அந்த அரக்கனைத் திரும்பத் திரும்பக் கைக்கு வரவழைத்து மறுபடி இறக்கும் டெக் ஒன்றை, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.