லினக்ஸில் பென் டிரைவை மவுண்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென் டிரைவை ஒரு ஃபோல்டரோடு இணைத்து, அதிலுள்ள கோப்புகளை அங்கே காட்டுவதுதான் மவுண்ட். காப்பி முடிந்த மறு நொடியே பென் டிரைவைப் பிடுங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. லினக்ஸ் கோப்பை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு, டிரைவில் பிறகுதான் எழுதும். ரேம் தாராளமாக உள்ள கணினியில் 2 ஜிபி வீடியோ சில நொடிகளில் போய்ச் சேர்ந்ததுபோலத் தெரியும். டிரைவில் விளக்கு இருந்தால் பாருங்கள், இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பின் பெயர் மட்டும் மிஞ்சலாம், உள்ளே பாதி இருக்காது. டிரைவைக் கழற்றும் யூமவுண்ட் கட்டளை கொடுத்து, டெர்மினலில் பிராம்ட் (அடுத்த கட்டளைக்கான வரி) திரும்ப வரும்வரை காத்திருங்கள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றாலும் கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டாம், மீதியை எழுதிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டளையில் 'யூ'வுக்கு அடுத்து 'எம்'தான், நடுவில் 'என்' கிடையாது.

யூமவுண்ட் 'டார்கெட் இஸ் பிஸி' என்று மறுத்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் மவுண்ட் செய்த ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையைக் கொடுத்து வெளியே வாருங்கள். அப்போதும் விடவில்லையா? எந்த நிரல் பிடித்துவைத்திருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும். அவசரப்பட்டு யூமவுண்டோடு 'ஹைஃபன் எல்' சேர்த்துக் கழற்றாதீர்கள். ஃபோல்டர் கண்ணுக்கு மறைந்துவிடும், எழுதும் வேலை உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். லினக்ஸ் வைக்கும் பெயர்களில், எஸ்டிபி என்பது முழு டிரைவ், எஸ்டிபி1 அதிலுள்ள பார்ட்டிஷன் (பிரிவு). அந்த 1-ஐ விட்டுவிட்டால் 'ராங் எஃப்எஸ் டைப்' என்று பிழை வரும். டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட்டால், நல்ல தரவு அநியாயமாகப் போய்விடும். நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசி ஆகவும் மாறலாம். ஒவ்வொரு முறையும் டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணினி தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், யூயூஐடி (மாறாத அடையாள எண்) எழுதச் சொல்வதும் இதனால்தான். கூடவே 'நோஃபெயில்' என்ற சொல் இல்லையென்றால், டிரைவைச் செருகாத நாளில் சிஸ்டம்டி (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு, வழக்கம்போலத் தொடங்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) உள்ள டிரைவில் கோப்பின் உரிமையாளரை மாற்ற சவுன் கட்டளையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. உரிமையாளர் விவரத்தைக் குறித்துவைக்க அந்த ஃபைல் சிஸ்டத்தில் இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போதே 'ஹைஃபன் ஓ' போட்டு யூஐடி=1000,ஜிஐடி=1000 என்று உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுங்கள். உங்கள் எண் வேறாக இருந்தால் ஐடி கட்டளை சொல்லும்.

மவுண்ட் செய்யும் ஃபோல்டர் காலியாக இருக்கட்டும். ஏற்கெனவே அதில் கோப்புகள் இருந்தால் அழியாது. ஆனால் டிரைவைக் கழற்றும்வரை கண்ணில் படாது.